யாரும் தொடாத மஞ்சள் பலகைகள்

அன்று படகில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இஞ்சின் பக்கம் நான். முன்னால் கயிறு பிடிக்க ஒரு மலாய்க்காரர். என்னை விட மூத்தவர், பாக் சிக் என்று கூப்பிடுவோம். நடுவில் எங்கள் மிஸ். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. டாக்டர் பட்டம் வாங்கியவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வயதில் என் தங்கை மாதிரி. அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர்காரர். சீனர், டவுனில் பிறந்து வளர்ந்தவர். படகு கிளம்பும் முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டார்.

அப்புறம் சாக்குச் சாக்காக மஞ்சள் பலகைகள். முந்நூறு. வேறு யாரும் இல்லை.

எங்கள் தீவுக்குத் தெற்கே போனோம். பெரிய கப்பல்கள் போவது கண்ணுக்குத் தெரியும் தூரம். இஞ்சினை நிறுத்தச் சொன்னார் மிஸ். ஒவ்வொரு பலகையாகப் போட்டோம். உள்ளங்கை அளவுப் பலகை. காற்று தள்ளாமல் தண்ணீரோடு போக அடியில் ஈயத் துண்டு அடித்திருந்தது. மேலே மஞ்சள் பெயின்ட். அதன் மேல் சிவப்பில் நம்பர். நம்பருக்குக் கீழே சீனம், மலாய், தமிழ், இங்கிலீஷ் நாலிலும் ஒரு வரி: கண்டெடுத்த இடத்தைச் சொல்லி நிலையத்தில் கொடுத்தால் மூன்று வெள்ளி பணம் தரப்படும்.

கம்ப்யூட்டர்காரர் பாதி பலகை போட்டார். மீதி நேரம் வாந்தி எடுத்தார்.

எதற்கு இந்த வேலை என்று சொல்ல வேண்டும். ரஷ்யாவில் அணு உலை வெடித்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. அவ்வளவு தூரத்தில் நடந்தது. ஆனால் பாசாரில், எங்கள் சந்தையில், பேச்சு ஓயவில்லை. பால்மாவில் வந்துவிட்டது என்றார்கள். பிறகு மீனில் வந்துவிட்டது என்றார்கள். என் மனைவி பாசாரில் கெராங் விற்பவள். சேற்றில் விளைகிற சிப்பி அது. சேற்றில் என்ன இருந்தாலும் அதற்குள் போகும் என்று யாரோ சொல்லிவிட்டான். ஒரு மாதம் கூடையோடு போய்க் கூடையோடு வந்தாள்.

மிஸ் அவளிடம் கெராங் வாங்குவார். ஒரு நாள் அவள் கேட்டுவிட்டாள்.

"மிஸ், அந்த மாதிரி விஷம் நம்ம கடல்ல விழுந்தா, முதல்ல எங்க வந்து சேரும்?"

"தெரியலக்கா. அதத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்."

"டாக்டரே தெரியலன்னா நாங்க எங்க போறது?"

"கொஞ்சம் பொறுங்க. சொல்றேன்."

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "படிச்ச ஆளுங்கள்ல தெரியலன்னு சொன்ன முதல் ஆளு அந்தப் பொண்ணுதான். அது சொல்ற இடத்துக்குப் படக ஓட்டு. எதிர்த்துப் பேசாத."

நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. எஸ்டேட் பள்ளியில் நாலாம் வகுப்பு. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

மிஸ் செய்த வேலையை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம், கடல் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது, காற்று எங்கிருந்து. இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகும். பிறகு ஒரு கட்டத்தில் விஷம் விழுந்ததாக வைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் ராத்திரி முழுவதும் கணக்குப் போட்டு, எந்தக் கட்டத்துக்கு எப்போது எவ்வளவு போகும் என்று எழுதித் தரும். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளமான காகிதம். படம் இருக்காது, நம்பர்தான்.

ஒரு தடவை சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கிளாஸ் வாங்கி, அதில் கொஞ்சம் சிராப், அந்தச் சிவப்புச் சர்பத், ஊற்றிக் காட்டினார். சிவப்பு கோடு மாதிரி இறங்கியது. கலக்கவில்லை.

"பாருங்க அண்ணே. ரெண்டு வேலை நடக்குது. தண்ணி இழுத்துக்கிட்டுப் போறது ஒண்ணு. தானாப் பரவுறது ஒண்ணு. ரெண்டையும் கணக்குல பிடிச்சிட்டா, அடுத்து எங்க சிவக்கும்னு சொல்லலாம்."

"நம்ம பக்கம் அணு உலையே இல்லையே, மிஸ்."

"கப்பல் போகுதுல்ல? எத்தனை விதமான சாமான் போகுது? ஒண்ணு உடைஞ்சா அன்னிக்குப் போய்க் கணக்குப் போட முடியுமா?"

பாக் சிக் அந்த சிராப் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டார். "கணக்கு முடிஞ்சது," என்றார்.

பலகை விடுவதற்கு முன் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துபோனார். நல்ல மனுசன்தான். நிதானமாகப் பேசினார். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். இது காகிதத்துக் கடல். நிஜக் கடலும் இப்படித்தான் ஓடுகிறது என்று காட்டுங்கள். முந்நூறு விடுகிறீர்களா, விடுங்கள். வருசக் கடைசிக்குள் குறைந்தது நூறு பலகை, ஒதுங்கிய இடத்தோடு, என் மேசைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலையை மூடிவிடலாம்.

எனக்கு ஒன்றும் போகாது. எப்படியும் படகு ஓட்டுவேன். பாக் சிக் எப்படியும் கயிறு பிடிப்பார். போவது மிஸ்ஸுடைய ஐந்து வருசம். மூடினால் அவர் ஸ்கூலில் கணக்கு டீச்சர் ஆக வேண்டியதுதான். அவர் அப்பா அதற்கு மனு கூட வாங்கி வைத்துவிட்டார் என்று கேள்வி.

பலகைகளைக் கடலில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

இரண்டு மாதத்தில் வந்தது ஆறு. ஆறும் பத்து பிரிங்கி என்ற ஊர்க் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் எடுத்தது. குளிக்க வந்த இடத்தில் கண்டு ஹோட்டலில் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மூன்று வெள்ளி வேண்டாம், பலகை வேண்டும் என்று எழுதி அனுப்பினார்.

நம் ஊர் ஆள் ஒருவர்கூட ஒன்றும் கொண்டுவரவில்லை. தினம் கடலில் கிடக்கிறவர்கள். மூன்று வெள்ளியை வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இல்லை.

"மூழ்கிடுச்சு போல," என்றார் கம்ப்யூட்டர்காரர். "ஈயம் கூடிப் போச்சு."

"டிரம்மில போட்டுப் பார்த்தோமே," என்றார் மிஸ். "ஒரு மாசம் மிதந்துச்சு."

"அப்ப எல்லாம் இந்தோனேசியா போயிடுச்சு."

மிஸ் பையை எடுத்தார். "வாங்க அண்ணே. துறைக்குப் போய்க் கேட்போம்."

கடலில் கால் நட்டுக் கட்டிய சீனர் வீடுகள் இருக்கிற துறை. பலகைப் பாதையில் நடந்தோம். மிஸ், நான், பின்னால் கம்ப்யூட்டர்காரர். ஒரு வயதான அம்மா நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். மிஸ் மலாயில் விசாரித்தார். மஞ்சள் பலகை, இவ்வளவு அளவு, கடலில் பார்த்தீர்களா.

அந்த அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஐயோ. அது நீங்க விட்டதா?"

"ஆமா, ஆன்ட்டி."

"யாருக்குச் சூனியம்?"

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. அந்த அம்மா எங்களை வீட்டுக்குள் கூட்டிப் போனார். முன்னறையில் சாமி மேடை. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சாமிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. முன்னால் இரண்டு ஆரஞ்சுப் பழம்.

"மஞ்சள். அதுல சிவப்பு எழுத்து. கடல்ல தானா மிதந்து வருது," என்றார். "மந்திரக்காரன் எழுதிக் கொடுக்கிற தாயத்துக் காகிதமும் இப்படித்தான் இருக்கும். யாரு வீட்டுக் கெட்டத எவன் கடல்ல அனுப்பி வச்சானோ. தொட்டா நமக்கு வந்துடும். எல்லாப் படகும் இத பார்த்தா வளைஞ்சு போகுது. இது எங்க மூணாவது தூணுல வந்து உட்கார்ந்துச்சு. என் மகன் கோலால தள்ளினான். போனது திரும்பி வந்துச்சு. மறுபடி தள்ளினான், மறுபடி வந்துச்சு. வீடு தேடி வந்தத விரட்டக் கூடாதுன்னு நான்தான் உள்ள வச்சேன்."

"அதுல சீனத்துல எழுதியிருக்கே ஆன்ட்டி, மூணு வெள்ளி தருவோம்னு."

"யாரு அது பக்கத்துல போய்ப் படிப்பா?"

பிறகு கம்ப்யூட்டர்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நீ சீனன்தானே. உனக்கு எங்க போச்சு புத்தி?"

"நான் சர்ச்சுக்குப் போறவன், ஆன்ட்டி."

"சர்ச்சுக்குப் போனா கண்ணு மஞ்சள் பார்க்காதா?"

அவர் தலையைச் சொறிந்தார். நானும் மிஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெயின்ட் அடித்த நாள் ஞாபகம் வந்தது. வெயிலில் காயவைத்தபோது ஆபீஸ் கிளார்க் அக்கா வந்து பார்த்து, மஞ்சளும் குங்குமமும் மாதிரி லட்சணமா இருக்கு மிஸ், நல்லபடியா போயிட்டு வரும் என்றார். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பாக் சிக்குக்கு அது பெயின்ட், அவ்வளவுதான்.

மிஸ் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணே. யாரும் தொடலைன்னா, எங்க ஒதுங்குச்சோ அங்கயேதான் இருக்கும்."

"இருக்கும், மிஸ்."

"தொட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? நடுக்கடல்ல அள்ளி, எல்லாத்தையும் ஒரே காப்பிக்கடையில கொண்டாந்து கொட்டியிருப்பாங்க. இடம் போயிருக்கும். இப்ப ஒவ்வொண்ணும் கடல் வச்ச இடத்துல இருக்கு." புத்தகத்தில் மேடைப் பலகையின் நம்பரையும் மூன்றாவது தூணையும் எழுதினார். "இது இங்கயே இருக்கட்டும், ஆன்ட்டி. நம்பர் போதும். மூணு வெள்ளி இந்தாங்க."

"வேணாம். சாமிக்கு வச்சதுக்குக் காசு வாங்க மாட்டேன். ஆனா அது வந்ததுல இருந்து எங்களுக்கு மீன் நல்லாத்தான் விழுது," என்றார் அம்மா.

மறுநாளிலிருந்து தேடினோம். கரை கரையாக, பாறை பாறையாக. கம்ப்யூட்டர் காகிதம் எங்கே அதிகம் சொன்னதோ அங்கே முதலில். தீவின் மேற்குக் கரை. வட கரை. காகிதம் தப்பாகச் சொல்லவில்லை. பாறை இடுக்கில் கிடந்தது. மீன்பிடி கிராமத்துப் படகு ஏற்றுகிற இடத்தில் கிடந்தது. அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு வலை காயப்போட்டிருந்தார்கள். பாக் சிக் பிஸ்மில்லா சொல்லிவிட்டு எடுப்பார். மிஸ் நம்பரைச் சொல்வார். கம்ப்யூட்டர்காரர் கட்டத்தை எழுதுவார்.

நாற்பது தாண்டியது. ஐம்பதை நெருங்கியது. அதோடு நின்றது. நவம்பர் முடிந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர்காரர் சொன்னார், வட கரையையே இன்னொரு தடவை சுற்றலாம், மணலைக் கிளறினால் இன்னும் பத்து இருபது கிடைக்கும்.

மிஸ் காகிதத்தை மேசையில் விரித்தார். "இனிமே இங்க போறோம்." விரல் வைத்த இடமெல்லாம் சைபர்.

"கம்ப்யூட்டர் சைபர்னு சொல்லுது. அங்க போய் என்ன தேடுறது? பெட்ரோல்தான் வேஸ்ட் லா."

"இருக்குன்னு சொன்ன இடத்துல மட்டும் தேடினா, அங்கதான் கிடைக்கும். கணக்கு சரின்னு நமக்கு நாமே சொல்லிக்கலாம். இல்லேன்னு சொன்ன இடத்துல உண்மையா இல்லையான்னு யாரு பார்க்கிறது?"

"நாள் இல்லை."

"அதான் இன்னிக்கே கிளம்பணும்."

என்னைப் பார்த்தார் கம்ப்யூட்டர்காரர். நான் பெட்ரோல் ஊற்றப் போனேன்.

முதலில் போன சைபர் கட்டங்களில் ஒன்றும் இல்லை. சைபர் என்றால் சைபர்தான். ஒரு வாரம் போயிற்று. கம்ப்யூட்டர்காரர் தினமும் பெட்ரோல் ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். அதுதான் அவர் சொல்கிற விதம். மிஸ் தினமும் விடிவதற்கு முன் வந்து படகில் உட்கார்ந்திருப்பார். கன்னம் வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அவர் அம்மா கோபித்துக்கொண்டதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். இந்த முகத்தோடா என்றாராம்.

"என்ன சொன்னீங்க, மிஸ்?"

"கணக்கு முடியட்டும், முகம் தானா சரியாகும்னேன்."

பிறகு தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற பாலத்துக்கு அடியில் போய் அக்கரைப் பக்கம் ஒதுங்கினோம். பத்து காவான் என்ற இடம். அப்போது அங்கே எஸ்டேட்டும் சேறும்தான். வற்றத்தில் ஒரு மைல் சேறு தெரியும். அதற்கப்பால் சதுப்பு மரம். படகு கிட்டப் போகாது. பாக் சிக்கின் மச்சான் அந்தச் சேற்றில் கெராங் எடுக்கிறவர். அவரிடம் சேற்றுப் பலகை இரவல் வாங்கினோம். நீளமான பலகை. ஒரு முழங்காலை அதன் மேல் வைத்து, மறு காலால் சேற்றை உந்தினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பாக் சிக் போனார். நான் போனேன். மிஸ் உந்தினார். பலகை போயிற்று, மிஸ் போகவில்லை. இடுப்பு வரை சேறு.

"டாக்டர், தண்ணி இழுத்துக்கிட்டுப் போறது ஒண்ணு, தானாப் பரவுறது ஒண்ணு," என்றார் பாக் சிக்.

"சிரிங்க, பாக் சிக். சிரிச்சிட்டுக் கை கொடுங்க."

மூன்றாவது தடவை கற்றுக்கொண்டார்.

மரங்களை நெருங்கியதும் பாக் சிக் கையைத் தூக்கினார். வேர்களுக்கு நடுவில் மஞ்சள். அந்தப் பக்கம் இன்னொன்று. குனிந்து பார்த்தால் உள்ளே உள்ளே மஞ்சள். வேர் பிடித்து வைத்திருந்தது. கெராங் எடுக்கிற சீனர்களும் மலாய்க்காரர்களும் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். சூனியம் என்ற பேச்சு அங்கேயும் போயிருந்தது, ஒருவரும் தொடவில்லை.

சாக்கை அவிழ்த்தோம். கம்ப்யூட்டர்காரர் படகில் இருந்தபடியே, நாங்கள் கத்துகிற நம்பரை எழுதினார். வாந்தி எடுக்கவில்லை. ஏற்றம் வரும்வரை எடுத்தோம். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும்.

கடைசியில் அவர் பென்சிலை வைத்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தார். "எண்ணிக்கை வருது. ஆனா இது எல்லாம் சைபர் போட்ட கட்டம்."

"தெரியும்."

"கம்ப்யூட்டர் கணக்கு தப்புன்னு ஆகுது."

"ஆகுது."

"இந்தச் சாக்க அப்படியே வட கரைக்குக் கொண்டு போய், அங்க கிடைச்சதுன்னு எழுதினா எண்ணிக்கையும் சரி, கணக்கும் சரி."

மிஸ் சேற்றுக் கையோடு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜோக் லா," என்றார் அவர். "ஜோக்."

"கண்ட இடத்த எழுதுங்க," என்றார் மிஸ். "தப்புன்னு தெரிஞ்சாத்தான் திருத்த முடியும். தெரியாமலே போயிருந்தா?"

பிறகு இரண்டு பேரும் கம்ப்யூட்டர் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். ஏற்றத்தின்போது தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், தெற்கு வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து சேற்றின் மேல் ஏறுவதைக் கணக்கில் குறைவாக வைத்துவிட்டார்களாம். சேற்றை நிலம் என்று வைத்ததால் வந்த பிசகு என்று மிஸ் சொன்னார். ஏற்றத்தில் அது கடல்தானே. எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. திருத்திய காகிதம் வந்தபோது பத்து காவான் கட்டத்தில் சைபர் இல்லை.

மிஸ் பாசாருக்கு வந்தார். என் மனைவியிடம் தானே சொன்னார்.

"அக்கா, நீங்க கேட்டதுக்குப் பதில். தெற்குல விழுந்தா, நம்ம ஆளுங்க கெராங் எடுக்கிற சேத்துக்குத்தான் முதல்ல வரும். பலகை காட்டினது தண்ணியோட மேல் தோல் மட்டும்தான். சேறு எவ்வளவு பிடிச்சு வச்சுக்கும்ங்கிறத இனிமேதான் பார்க்கணும்."

அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாள்ல வரும்?"

"காத்தப் பொறுத்து, ரெண்டு நாள், மூணு நாள்."

"அப்ப ரெண்டு நாள் கைல இருக்கு," என்றாள். "எடுக்காதீங்கன்னு சொல்ல அது போதும்." இரண்டு கை கெராங் அள்ளிக் கூடுதலாகப் போட்டாள்.

டிசம்பர் கடைசியில் அதிகாரி வந்தார். நீள மேசையில் பலகைகளை அடுக்கி வைத்திருந்தோம், கட்டம் வாரியாக. கழுவவில்லை. சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மேடைப் பலகைக்கு மட்டும் ஓர் இடம் காலி விட்டு, அதில் நம்பரும் தூணும் எழுதிய துண்டுக் காகிதம். பக்கத்தில் பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டும். எங்கே தப்பு என்று மிஸ் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

அதிகாரி வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். காலி இடத்தில் நின்று துண்டுக் காகிதத்தைப் படித்தார். பலகை எங்கே என்று கேட்டார். மிஸ் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதை எடுக்கச் சொல்லவும் இல்லை.

"சரி," என்றார். "இதையும் சேர்த்து எத்தனை?"

மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நூற்றுப் பதினேழு."